மஸ்ட் போடலாமா, மே போடலாமா

கட்டட வேலைக்கான விவரக் குறிப்பை எழுதுவது எப்படி என்று பாலிடெக்னிக்கில் எங்களுக்கு ஒரு பாடம் இருந்தது. அதில் ஆங்கிலத்தின் சில சின்னச் சொற்களுக்கென்றே ஒரு வாரம் ஒதுக்கியிருந்தார்கள். 'ஷல்' என்று எழுதினால் காண்டிராக்டர் அதைச் செய்தே தீர வேண்டும். 'ஷுட்' என்றால் செய்வது நல்லது. 'மே' என்றால் செய்தாலும் செய்யலாம், விட்டாலும் கேள்வி கிடையாது. செங்கல்லை நனைத்துக் கட்ட வேண்டும் என்ற இடத்தில் ஷல் போடாமல் ஷுட் போட்டதால் ஒரு பள்ளிக்கூடச் சுவர் விழுந்த கதையை வாத்தியார் சொன்னார். எந்த ஊர்ப் பள்ளிக்கூடம் என்று கேட்டேன். "எந்த ஊரா இருந்தா என்னம்மா, நீ ஷல் போடு" என்றார்.

அந்தச் சொற்களை வலுவின் வரிசைப்படி நோட்டில் எழுதிவைத்தேன். ஆக மேலே மஸ்ட். அதற்குக் கீழே ஷல், வில், ஷுட், கேன், குட், மே. ஆகக் கீழே மைட். ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழ். உலகத்தில் உள்ள கட்டாயங்களும் அனுமதிகளும் எட்டு வரிகளில் அடங்கிவிட்டன என்ற திருப்தியோடு கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு ஊருக்கு வந்தேன். ரிசல்ட் வரும்வரை வீட்டில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலுக்கு வேலை வந்தது அப்போதுதான்.

சீர்காழிக்குத் தெற்கே ஒரு பாசன வாய்க்காலின் கரையில் எங்கள் தெரு. மொத்தம் பதினோரு வீடுகள். இடம் மிராசுதாருடையது. பதினோரு குடும்பமும் அவர் வயலில் கூலிவேலை செய்தன. குறுவை அறுவடை முடிந்ததும் வீடுகளைப் பிரித்துக்கொண்டு போய்விட வேண்டும், அங்கே தென்னை வைக்கப் போகிறோம் என்று பண்ணையிலிருந்து சொல்லியனுப்பினார்கள். கூலி உயர்வு கேட்டுத் தெருமுனையில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் சிவப்புக் கொடி ஏறியிருந்தது. அது ஏறிய ஆறாம் மாதம் அவர்களுக்குத் தென்னை வைக்கும் ஆசை வந்தது. வேறு ஊர்களில் எரிந்த கூரைகளைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்ட காலம் அது. தென்னை என்ற அளவில் நின்றதே பெரிது என்று அப்பா சொன்னார்.

இதற்கிடையில் சென்னையில் ஒரு சட்டம் வந்தது. விவசாயத் தொழிலாளி குடியிருக்கும் மனை இனி அவருக்கே சொந்தம் என்று ரேடியோவில் சொன்னார்கள். எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். அறுவடைக்கு முன்னால் அந்த மனை எங்கள் பெயருக்கு வர வேண்டும். வராவிட்டால் பதினோரு வீடும் வண்டியேற வேண்டும். அதற்கு ஒரு மனு கொடுக்க வேண்டும். எழுத நான் இருந்தேன்.

மனுவை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பதில் மட்டும் தெருவில் இரண்டாவது கருத்து இல்லை. அதை முதலில் சொன்னவர் ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளர். மெயின் ரோட்டில் டீக்கடை வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் தமிழுக்காகச் சிறைக்குப் போய் வந்த ஒரே ஆள் அவர்தான். அவர் வாயால் அதைக் கேட்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"இப்ப எல்லாம் ஆபீசுல தமிழ்தானேண்ணே? தமிழ்லயே எழுதுனா என்ன?"

"எழுதலாம் தங்கச்சி. ஆனா தமிழ்ல எழுதுனா கிளார்க்குக்குப் புரிஞ்சிரும். புரிஞ்சா மூலையில போட்ருவான். புரியலைன்னாதான் பயந்து மேல அனுப்புவான்."

ஆறு வருடம் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். அவர் சொன்னதை இன்றும் என்னால் முழுதாக மறுக்க முடியவில்லை.

முதல் நாள் சாயங்காலம், களையெடுத்துவிட்டுப் பெண்கள் திரும்பியதும், கொடிக்கம்பத்தடியில் கூடினோம். வரைபடத் தாளின் பின்பக்கத்தில் என் எட்டுச் சொற்களையும் பெரிதாக எழுதிப் புங்கமரத்தில் மாட்டினேன். விளக்கவும் தொடங்கினேன். பாடப்புத்தகத்து உதாரணங்கள் எடுபடவில்லை. அதனால் தண்ணீரை எடுத்துக்கொண்டேன். மதகைத் திறக்க முடியும் என்றால் கேன். திறந்துகொள்ளலாம் என்று உத்தரவு இருந்தால் மே. தண்ணீர் வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றால் மைட்.

"நம்ம கடைமடைக்கு வர்ற தண்ணி மாதிரி" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

எட்டுச் சொற்களில் தெருவுக்கு உடனே புரிந்த சொல் மைட்தான். மஸ்டுக்கும் ஷல்லுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டபோது என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. காண்டிராக்டரைப் பற்றி ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, சங்கத்தின் கிளைத் தலைவர். எழுந்து நின்றுதான் பேசுவார்.

"எட்டுல எது பெருசு பாப்பா?"

"மஸ்ட்."

"அதைப் போடு. மத்ததை அழி."

"சர்க்காரைப் பாத்து மஸ்ட்னு எழுதுனா நல்லாருக்காது சித்தப்பா."

"ஏன், சர்க்கார் நமக்குச் சம்பந்தியா, நல்லாருக்கணும்னு பாக்க? கெஞ்சுறதுக்கா சங்கம் வச்சோம்?"

கிளைச் செயலாளர் தொண்டையைச் செருமினார். "தோழர், ஒங்க ஆத்திரம் புரியுது. ஆனா இது நம்ம ஆட்சி."

"ஒங்க ஆட்சி."

"சரிங்க, எங்க ஆட்சி. சட்டம் போட்டதே நாங்க. எங்களையே பாத்து மஸ்ட்னா, செய்ய மாட்டோம்னு நெனச்சு மெரட்டுற மாதிரி இருக்கு. வில் போடுங்க. அரசு செய்யும். நம்பிக்கையா இருக்கும்ல?"

"செய்யும் செய்யும்னு எத்தனை கூட்டத்துல சொல்லிட்டீங்க!"

"அதான் சொல்றேன். நமக்குப் பழக்கமான சொல்லு."

கூட்டத்தின் ஓரத்தில் குந்தியிருந்த அப்பா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்.

"ஆயி, அதுல எதுல கும்புடு இருக்கு?"

"மே. கூட கைன்ட்லி சேத்தா முழுக் கும்புடு."

"அதப் போட்ரு. கேக்குற எடத்துல நிமுந்துகிட்டுக் கேட்டா எவன் குடுப்பான்?"

"அண்ணே" என்றார் சித்தப்பா, "இந்தத் தெருவுல துண்டைக் கக்கத்துல வச்ச கடைசி ஆளு நீதான். அதையும் இங்கிலீசுல எழுதி அனுப்பணுமா?"

நான் ஷுட் போடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். மிரட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை, தொழில்நுட்ப ரீதியாக நடுநிலையானது. அதற்கு ஒரு கைகூட உயரவில்லை. மூன்று சாயங்காலங்கள் இப்படிப் போயின. மூன்றாம் நாள் அம்மா முறத்தோடு வந்து நின்றாள்.

"கூரையைப் பிரிக்க வர்றவனை நிறுத்துற சொல்லு அந்த எட்டுல இருக்கா, இல்லையா?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா."

"அப்ப எதைப் போட்டா என்ன? மூணு பேருக்கும் ஆளுக்கொண்ணு போட்டுட்டு வந்து அரிசியில கல்லப் பொறுக்கு."

அப்படியே முடிவாயிற்று. முதல் வரியில் அரசாங்கம் எங்கள் மனையை எங்களுக்கு வழங்கியே ஆக வேண்டும். இரண்டாம் வரியில் அரசாங்கம் வழங்கும். மூன்றாம் வரியில் அரசாங்கம் தயவுகூர்ந்து வழங்கலாம். கட்டளையிட்டு, ஆரூடம் சொல்லி, காலில் விழுகிற அந்த மனுவை ஓர் எழுத்துப்பிழையும் இல்லாமல் டைப் அடித்தேன்.

நான்காவதாக ஒரு வரியும் இருந்தது. அதில் எந்தத் தகராறும் வரவில்லை. "இந்த மனையை எங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை, பாட்டன் காலத்திலிருந்து இது எங்களுடையது." அதைச் சித்தப்பா சொல்ல நான் எழுதினேன். எழுதும்போது முதுகு நிமிர்ந்தது. மனுவிலேயே நல்ல வரி அதுதான் என்று இருவரும் நினைத்தோம்.

விசாரணைக்கு அதிகாரி வருவார் என்று தெரிந்ததும் அடுத்த பட்டியலைத் தயாரித்தேன். அவர் கேட்கக்கூடிய கேள்விகள் ஐந்து. மூன்றாவது: 'இங்கே உங்களை இருக்கச் சொன்னது யார்?' விடை: 'யாரும் சொல்லவில்லை, எங்கள் இடம்.' பதினோரு வீட்டுக்கும் போய் ஒப்பிக்கவைத்தேன். அப்பாவுக்கு நான்கு முறை. நான்கு முறையும் சரியாகச் சொன்னார். பட்டியலில் நான் சேர்க்காத ஒரு வேலை இருந்தது. அந்தச் சட்டத்தை வாங்கிப் படித்துப் பார்ப்பது. நானும் படிக்கவில்லை, சித்தப்பாவும் படிக்கவில்லை. போட்டது நாங்கள் என்று சொன்ன கிளைச் செயலாளரும் படிக்கவில்லை.

அதிகாரி புரட்டாசியில் வந்தார். கதிர் பழுத்துத் தலைசாய்ந்திருந்தது. இன்னும் பத்து நாளில் அறுப்பு. பஸ்ஸிலிருந்து இறங்கி வரப்பில் நடந்து வந்த அந்த வருவாய் ஆய்வாளருக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். எங்கள் தெருவில் நாற்காலி கிடையாது. அதிகாரி வந்தால் பண்ணை வீட்டிலிருந்து நாற்காலி வரும். அது எந்த விசாரணையானாலும் மாறாத ஏற்பாடு. பண்ணைக்கு எதிரான விசாரணைக்கும் பண்ணை நாற்காலிதான் வந்தது. கூடவே பண்ணை வேலையாட்களை மேற்பார்க்கும் காரியக்காரரும் வந்தார்.

காரியக்காரரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முன்பெல்லாம் எங்கள் தெரு ஆண்களை அவர் 'வாடா' என்றுதான் கூப்பிடுவார். கொடி ஏறிய பிறகு அது நின்றது. 'வாங்க' என்று சொல்லவும் அவருக்கு நாக்கு வளையவில்லை. ஆகவே ஆளைத் தொடாத ஒரு பேச்சைக் கண்டுபிடித்துக்கொண்டார். "வந்தாச்சா?" "நாத்து பறிச்சாச்சா?" "நாளைக்கு மேலவயலுக்குப் போகலாமே." யார் வந்தது, யார் போவது என்று அதில் இருக்காது. அப்படியே ஒரு வருடம் ஓட்டியிருந்தார். அவ்வளவு கவனமான மனிதர்.

அவர் நாற்காலியைப் புங்கமரத்தடியில் போட்டார். அதிகாரி உட்கார்ந்து காகிதத்தை விரித்தார். முதல் வீடு எங்களுடையது. அப்பா முன்னால் போய் நின்றார்.

"எத்தனை வருசமா இங்க இருக்கீங்க?"

"நான் பொறந்ததே இங்கதானுங்க."

"என்ன வேலை?"

"வயல் வேலைங்க. பண்ணையில."

"இந்த எடத்துல ஒங்களை இருக்கச் சொன்னது யாரு?"

மூன்றாவது கேள்வி. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு காரியக்காரரைப் பார்த்தார். துண்டு தோளிலிருந்து இறங்கிக் கக்கத்துக்குப் போனது.

"பெரிய ஐயாதானுங்க. எங்கப்பனைக் கூட்டியாந்து, இந்த வாய்க்காங்கரையில இருந்துகிட்டு வயலைப் பாத்துக்கன்னு சொன்னாங்க. அவங்க சொல்லாம இருக்க முடியுங்களா?"

"அண்ணே!" என்று சித்தப்பா கத்தினார்.

காரியக்காரரின் முகம் மலர்ந்தது. "எழுதிக்கிங்க சார். அவரே சொல்லிட்டாரு." அவர் வாயிலிருந்து அப்பாவுக்குக் கிடைத்த முதல் மரியாதை அதுதான்.

மற்ற பத்துப் பேரும் என் பட்டியலை விட்டு இம்மியும் பிசகவில்லை. யாரும் குடுக்கல, எங்க எடம். யாரும் குடுக்கல, எங்க எடம். நாலாவது ஆள் சொல்லும்போதே காரியக்காரருக்கு முகம் சிவக்க ஆரம்பித்துவிட்டது. பத்தாவது ஆள் முடித்ததும் அவரால் தாங்க முடியவில்லை.

"யாரும் குடுக்கலையா? மனசாட்சி வேணாம்? சார், இந்தப் பதினோரு குடும்பமும் எங்க பண்ணை ஆளுங்க. எங்க வயல்ல வேலை செய்யறதுக்காக எங்க ஐயா எடம் குடுத்துக் குடிவச்ச ஆளுங்க. மூங்கில் குடுத்தோம், கீத்து குடுத்தோம். இன்னைக்கு யாரும் குடுக்கலைங்கறானுங்க!"

"இதை அப்படியே வாக்குமூலமா எழுதிக்கலாமா?" என்று அதிகாரி கேட்டார்.

"எழுதுங்க சார். பொதுவா எழுதாதீங்க, பேர் பேரா எழுதுங்க. நான் சொல்றேன்." பதினோரு பெயரையும் அப்பன் பெயரோடு அவரே வரிசையாகச் சொன்னார். எங்களில் சிலருக்கே தெரியாத பாட்டன் பெயர்கள் அவருக்குத் தெரிந்திருந்தன. பிறகு அதன் கீழே ஆங்கிலத்தில் கையெழுத்திட்டு, அடியில் ஒரு கோடும் இழுத்தார்.

அதிகாரி கிளம்பினார். சித்தப்பா அப்பாவைத் திட்டத் தொடங்கினார். அப்பா வீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. நான்கு முறை சரியாக ஒப்பித்தவர் ஐந்தாவது முறை எப்படிச் சறுக்கலாம் என்ற கோபந்தான் இருந்தது. பிழையைக் கண்டால் திருத்துவதற்குத்தான் எனக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். வரப்பில் ஓடினேன்.

மதகுக் கட்டையில் உட்கார்ந்து அதிகாரி காலிலிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"சார், எங்கப்பா சொன்னதை அடிச்சிடுங்க. பயத்துல சொல்லிட்டாரு. மத்தவங்க சொன்னதுதான் சரி. வேணும்னா நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அந்த இங்கிலீஷ் மனுவை எழுதுனது நீங்களா?"

"ஆமா சார்."

"நெனச்சேன். சட்டத்தைப் படிச்சீங்களா?"

"இல்ல சார்."

"நல்லவேளை, அந்தக் காரியக்காரரும் படிக்கல." செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "நிலத்துக்காரரு தன் வயல்ல வேலை பாக்குறவங்களைக் குடிவச்ச எடத்துக்குத்தாங்க இந்தச் சட்டம். யாரும் குடுக்கல, எங்க எடம்னா, பத்திரத்தைக் காட்டுன்னு கேப்பாங்க. இருக்கா?"

"இல்ல."

"அப்ப அது ஆக்கிரமிப்பு. ஆக்கிரமிப்புக்கு இதுல எடமில்ல. பத்து வீட்டுக்காரங்க வரிசையா வந்து நாங்க ஆக்கிரமிச்சோம்னு சொல்றாங்க. என்ன எழுதறதுன்னே எனக்குத் தெரியல. ஒங்கப்பாவும் அந்தாளும் வாயைத் தொறக்கலைன்னா பதினோரு வீட்டுக்கும் மனு தள்ளுபடி. இப்ப அடிக்கணுமா?"

வேண்டாம் என்று தலையாட்டினேன்.

அவர் புறப்படும்போது கேட்காமல் இருக்க முடியவில்லை. "சார், மனுவோட முதல் மூணு வரி... அதுல எது..."

"அதுவா?" கோப்பைத் திறந்து எங்கள் மனுவின் மேல் குத்தியிருந்த தமிழாக்கத்தைக் காட்டினார். அலுவலகத்தில் யாரோ எழுதியது. மூன்று வரிகளுக்கும் சேர்த்து ஒரே வரி: 'மனுதாரர்கள் மனை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறார்கள்.' மூன்று சாயங்காலங்கள் அதில் அடக்கம். நாலாவது வரியைத்தான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்து, அடியில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா இன்னும் பின்னால்தான் இருந்தார். மத்தியானச் சோறு மூடியபடி கிடந்தது. அதிகாரி சொன்னதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. இரண்டாம் முறையும் சொன்னேன்.

"அப்ப நான் சொன்னது தப்பில்லையா?"

"தப்புதான்" என்றாள் அம்மா. "ஊரே ஒண்ணு சொல்ல நீ ஒண்ணு சொன்ன. தப்பு பண்ணிப் பொழைச்ச மொத ஆளு நீதான், எந்திரிச்சு வந்து சாப்புடு."

நான் ஓடிப்போய் என்ன கேட்டேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. அதிகாரி நல்ல செய்தி சொல்ல என்னைக் கூப்பிட்டார் என்று அவர் நினைத்துக்கொண்டார். அதைத் திருத்தவில்லை.

தை பிறக்கும் முன், மனை எங்களுக்கே என்று உத்தரவு வந்தது. விசாரணை நிலுவையில் இருந்ததால் அறுப்புக்குப் பிறகும் கூரைகளை யாரும் தொடவில்லை. சங்கம் போராடிப் பெற்ற வெற்றி என்று சித்தப்பா தட்டி வைத்தார். அரசுக்கு நன்றி தெரிவித்து டீக்கடை வாசலில் கிளைச் செயலாளர் ஒரு தட்டி வைத்தார். இரண்டையும் படித்த காரியக்காரர், குடுத்தது எங்க ஐயா, பேர் வாங்குறது எவனோ என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். மூவரில் அவர் சொன்னதற்குத்தான் எழுத்துப்பூர்வமான ஆதாரம் இருந்தது.

மனை அளக்க சர்வேயரும் சங்கிலி பிடிப்பவரும் வந்தார்கள். எங்கள் வீட்டு வாசலில் முதல் கல்லை வைத்துவிட்டு சங்கிலிக்காரர் குரல் கொடுத்தார்.

"மனைக்குச் சொந்தக்காரர் யாருங்க? இந்த மூலையில வந்து நில்லுங்க."

அப்பா திரும்பிப் பின்னால் பார்த்தார். யாராவது வருகிறார்களா என்று பார்த்தபடி வழிவிட்டு ஒதுங்கினார்.

"ஒன்னத்தான்யா" என்று அம்மா முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

போய் நின்றார். நான்கு மூலையும் அளந்து, நான்கு கல்லும் ஊன்றி, சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். "முடிஞ்சிருச்சு பெரியவரே, வாங்க" என்று மூன்று தடவை கூப்பிட்டார்கள். அப்பா வரவில்லை. அந்தக் கல்லின்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு, வெயில் ஏறும்வரை அங்கேயே நின்றார்.